ஜம்பு மரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

செத்துப்போன ஒரு மனிதரைப் பற்றி, அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒலிவாங்கியில் நான் பொய் சொன்னேன். அவருடைய மனைவி முன்வரிசையில் இருந்தார். செத்தவரைப் பெருமைப்படுத்துகிற பொய்தான். அதனாலேயே அது ஒரு குற்றம் என்று எனக்கு உறைக்கப் பல மாதங்கள் எடுத்தன.

பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். நான் சைவன், யாழ்ப்பாணத்தான், வெள்ளவத்தையில் குடியிருப்பவன். முப்பது வருஷத்துக்கு மேலாகக் காலி வீதியில் மட்டக்குளி பஸ்ஸைப் பிடித்து அங்கே தமிழ் படிப்பிக்கப் போனேன். ஓய்வு பெற்ற பிறகும் உயர்தர வகுப்புக்கென்று வாரத்தில் மூன்று நாள் கூப்பிட்டார்கள். பாடத்துக்காக அல்ல, இன்னொரு வேலைக்காகத்தான் கூப்பிட்டார்கள் என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடத்தில் ஆறுதல் குழு என்று ஒன்று இருந்தது. ஆசிரியர், பிள்ளை, பெற்றார் என்று யார் செத்தாலும் அந்தக் குழு கூடும். செத்த வீட்டுக்கு எந்த வகுப்புப் போவது, எந்தப் பாட்டுப் பாடுவது, வெள்ளைக் கொடி எதுவரைக்கும் கட்டுவது, முப்பத்தொராம் நாள் திருப்பலி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதன் பொறுப்பு. நான் அதன் செயலாளர். நெற்றியில் திருநீற்றோடு ஒருவன் கத்தோலிக்கச் சாவுகளுக்குச் செயலாளராக இருந்ததை யாரும் வினோதமாக எடுக்கவில்லை. இரங்கல் உரை எழுத வேண்டும், எனக்குத் தமிழ் எழுத வரும். அவ்வளவுதான் கணக்கு.

என்னிடம் மூன்று உரைகள் இருந்தன. சிரித்த முகத்தோடு வாழ்ந்தவர்களுக்கு ஒன்று. ஓயாமல் உழைத்தவர்களுக்கு ஒன்று. நீண்ட காலம் நோயில் கிடந்தவர்களுக்கு ஒன்று. பெயரையும் உறவுமுறையையும் மாற்றினால் போதும். அதுவரைக்கும் இந்த மூன்றுக்குள் அடங்காமல் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் சாகவில்லை.

பிறகு கணித ஆசிரியர் செத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, சேர்ட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, அந்தக் கதிரையிலேயே இருந்து செத்துப்போனார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

அவர் சிரித்து நான் கண்டதில்லை. உழைத்தவர்தான், ஆனால் அந்த உழைப்பில் பாதி மற்றவர்களுடைய பிழைகளைக் கண்டுபிடிப்பதில் போனது. நோயில் ஒரு நாளும் கிடக்கவில்லை. என் மூன்று உரைகளும் அவருக்குப் பொருந்தவில்லை. ஆசிரியர் அறையில் இருபத்திரண்டு வருஷம் என் மேசையும் அவர் மேசையும் ஒட்டியிருந்தன. ஆனாலும் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அவருடைய வகுப்பறைக்கு வெளியே நின்ற ஜம்பு மரத்தை வெட்ட வேண்டும் என்று அவர் அதிபருக்கு மூன்று முறை மனுக் கொடுத்திருந்தார்.

காய்க்கும் காலத்தில் மணி போன்ற சிவப்புப் பழம் விழுந்து அழுகும். குளவி வரும். பிள்ளைகள் கல்லெறிவார்கள், கல் யன்னலில் படும். மனிதர் கணிதத்தில் சூரர், கடிதம் எழுத வராது. மூன்று முறையும் என்னிடம்தான் கொண்டுவந்து, "இதைக் கொஞ்சம் தமிழாக்கித் தாங்கோ" என்றார். அவர் எழுதியிருந்ததும் தமிழ்தான். நான் திருத்தி, நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த மரம் முந்திய காலத்து வெள்ளைக்காரச் சுவாமி ஒருவர் நட்டது என்று அதிபர் மூன்று முறையும் மறுத்துவிட்டார்.

சேவையில் இருக்கும்போது செத்த ஆசிரியரின் உடலை, கோயிலுக்குக் கொண்டுபோக முன்னர், பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் வைப்பது எங்கள் வழக்கம். பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். அதில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள், மற்றப் பாதி வாங்குவதற்குப் பயந்துகொண்டு இருந்தவர்கள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதிபர் ஃபாதர் எனக்குத் தலையை ஆட்டினார். உழைப்பாளர் உரையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். இரண்டு வரி வாசித்தேன். முன்வரிசையில் அவருடைய மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிற பார்வை. மண்டபத்துக் கதவுக்கு வெளியே அந்த மரம் தெரிந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

ஒவ்வொரு நாளும் கடைசிப் பாடம் முடிய, தன் தண்ணீர்ப் போத்தலில் மிஞ்சியதை அந்த ஜம்பு மரத்தின் வேரில் ஊற்றிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போவார் என்று சொன்னேன். ஏன் என்று ஒரு நாள் கேட்டேனாம். "அதுவும் என்ர வகுப்பிலைதான் நிக்குது" என்றாராம்.

மண்டபம் அழுதது. முதலில் அழுதவர் அவரோடு ஒன்பது வருஷமாகக் கதைக்காத பௌதிக ஆசிரியர். அந்த மூன்று மனுக்களையும் தன் கையால் அதிபர் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பியோனும் அழுதார். பிறகு வாசலில் என்னைக் கண்டு, "சேர், நான் பாத்ததே இல்ல. ஆனா நீங்க சொல்லச் சொல்லப் பாத்த மாதிரியே இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் ஒளிக்கக் கூடாது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் மரத்தடிக்குப் போய்த் தங்கள் போத்தலில் மிஞ்சியதை ஊற்றினார்கள். ஆறுதல் குழுவில் உளவளத்துணை படித்த ஒரு சிஸ்டர் இருந்தார். அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. துயரத்துக்குக் கைவேலை ஒன்று கொடுத்தால் அது அடங்கும் என்று அவர் ஒரு பயிற்சியில் படித்திருந்தார். எங்கள் பிள்ளைகள் படிக்காமலே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று குழுக் கூட்டத்தில் சொன்னார். அந்தக் கிழமைக்குள் வகுப்பு வகுப்பாக நேரசூசி போட்டாயிற்று. நேரசூசியை நான்தான் எழுதினேன், செயலாளர் அல்லவா.

முழுப் பள்ளிக்கூடமும் ஒரு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று கணிதம் தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அவர்தான் செத்துப்போனாரே. மரத்தடி சேறாகியது. சேறு குளமாகியது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் மைலோவும் நெல்லி ரசமும் ஊற்றினார்கள். எறும்பு வந்தது. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. மரமும் துக்கம் காக்கிறது என்று சிஸ்டர் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினார். பிள்ளைகள் இரங்கி இன்னும் கூட ஊற்றினார்கள்.

டெங்குச் சோதனைக்கு மாநகரசபையில் இருந்து சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்தார். தேங்கிய தண்ணீரைக் கண்டு அதிபர் மேல் வழக்குப் போடப் போவதாகச் சிங்களத்தில் சத்தம் போட்டார். இது தேங்கிய தண்ணீர் அல்ல, துயரம் என்று சிஸ்டர் தமிழில் சொல்ல, பியோன் மொழிபெயர்த்தார். நான் சொன்ன கதை முழுவதையும் சொன்னார், நான் சொல்லாத சிலதையும் சேர்த்துச் சொன்னார். பி.எச்.ஐ. தொப்பியைக் கழற்றினார். பிறகு தன் பையில் இருந்த போத்தலை எடுத்து, மிச்சத் தண்ணீரை மரத்துக்கு ஊற்றினார். ஊற்றி முடித்துவிட்டு, பதினான்கு நாளுக்குள் தண்ணீரை வடியவிட வேண்டும் என்று நோட்டீஸ் எழுதி அதிபர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இதுவரைக்கும் எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு பொய் இத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறதே என்று உள்ளுக்குள் வியந்துகொண்டும் இருந்தேன்.

முப்பத்தொராம் நாள் திருப்பலி முடிய, சிஸ்டர் அவருடைய மனைவியை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். சேற்றில் பலகை போட்டு வைத்திருந்தார்கள். அவர் பலகையில் நின்று மரத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, தன் கணவர் அதை எந்தக் காலத்தில் சொன்னார், சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான், மழைக்காலம் என்றேன். முகம் சாந்தமாக இருந்தது என்றேன். கொஞ்சம் வெட்கப்பட்டவர் போல இருந்தார் என்றும் சேர்த்தேன். முதல் பொய்யை வாய் தவறியது என்று சொல்லித் தப்பலாம். இதற்குத் தப்ப வழியில்லை. யோசித்து, நிறுத்தி, அழகு பார்த்துச் சொன்னேன்.

நாலைந்து மாதம் போனது. முதலாம் ஆண்டுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று குழு தீர்மானித்தது. அட்டையில் ஜம்பு மரம். அச்சுப்படியைக் காட்ட நான் அவருடைய மனைவியின் வீட்டுக்குப் போனேன். கொட்டாஞ்சேனையில் தொடர்மாடி, மூன்றாம் மாடி. அவர் தேத்தண்ணி வைத்தார். அட்டையைப் பார்த்தார், பக்கத்தைத் திருப்பவில்லை. கணவரை அடக்கிய சேமக்காலைக்கு இப்போது போவதில்லை என்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"உடம்பு நல்லாத்தான் இருக்குது, சேர்" என்றார். "முப்பத்தொரு வருஷம் இந்த பல்கனியில ஒரு பூச்சாடி வைக்க விடேல்லை அந்த மனிசன். தண்ணி தேங்கும், நுளம்பு வரும் எண்டு எல்லாத்தையும் குடுப்பிச்சவர். அங்க போய் ஒரு மரத்துக்குத் தண்ணி ஊத்தியிருக்கிறார். வெட்கப்பட்டுக் கதைச்சிருக்கிறார், உங்களோடை. என்னோடை ஒரு நாளும் அப்பிடிக் கதைக்கேல்லை. அங்க போய் நிண்டு ஆரை நினைச்சு நான் செபம் சொல்லுறது? ஆரோடை இருந்தனான் எண்டே எனக்குத் தெரியேல்லை."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அது தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். இறங்கியது. அட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தேன். பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி தாண்டும் வரைக்கும், சொன்னால் அவருக்கு இன்னும் நோகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வந்தேன். பம்பலப்பிட்டியில் அந்த நியாயம் முடிந்துபோனது. ஒரு செத்த மனிதரை நான் அவருடைய பெண்சாதியிடம் இருந்து களவெடுத்திருந்தேன். பதிலுக்கு நான் கொடுத்த ஆள் அவருக்கு முன்பின் தெரியாதவர்.

முதலில் அதிபர் ஃபாதரிடம் போனேன். பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றேன். சைவக்காரருக்கு அந்தத் திருவருட்சாதனம் இல்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். கதிரையில் இருந்து சாதாரணமாகச் சொன்னால் சாதாரணமாகக் கேட்பேன் என்றார். சொன்னேன். கேட்டு முடித்ததும் நாட்குறிப்பைத் திறந்தார். மரத்தைச் சுற்றிக் கட்டிய வேலியை ஆசீர்வதிக்க அடுத்த வெள்ளிக்கிழமை ஆயர் இல்லத்தில் இருந்து ஆள் வருகிறார், அது எனக்குத் தெரியுந்தானே என்றார். தெரியும், அழைப்பிதழ் எழுதியவன் நான்.

"நீங்கள் வாரத்திலை மூண்டு நாள்தானே வாறனீங்கள், மாஸ்டர்" என்றார் ஃபாதர். "மற்ற ரெண்டு நாளும் அவர் ஊத்தியிருக்கக் கூடும். நீங்கள் காணேல்லை. அவ்வளவுதானே?"

மறுக்க முடியாத நியாயம்தான். மரத்தை வெட்டக் கேட்டு அவர் கொடுத்த மூன்று மனுக்களும் ஃபாதரின் அலுமாரிக்குள்ளேயே இருக்கின்றன என்று நினைவுபடுத்தினேன். அது முந்திய அதிபர் காலம், தான் அந்தக் கோப்பைத் திறந்ததில்லை, இனித் திறக்கவும் உத்தேசமில்லை என்றார்.

மனுக்களின் வரைவுகள் என் வீட்டில் இருந்தன. அவருடைய பென்சில் எழுத்து, மேலே என் சிவப்புத் திருத்தம். அவற்றை ஒரு உறையில் போட்டுக்கொண்டு திரும்பவும் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அவருடைய மனைவி கதவைத் திறந்ததும், வாசலிலேயே நின்று சொன்னேன். உள்ளே போய் இருந்தால் தேத்தண்ணி வரும், பிறகு வாய் வராது என்று எனக்குத் தெரியும். உங்கள் கணவர் மரத்துக்கு ஒரு நாளும் தண்ணீர் ஊற்றவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, மழைக்காலமும் வெட்கமும் எல்லாம் நான் செய்தது என்றேன். உறையைக் கொடுத்தேன்.

அவர் என்னை ஏசவில்லை. அந்த இடத்திலேயே, கதவுநிலையில் சாய்ந்துகொண்டு, கடிதங்களை வாசித்தார். மூன்றாவதில் இப்படி இருந்தது: "மேற்படி மரம் கிழக்குப் பக்கம் பதினொரு பாகை சாய்ந்துள்ளது. நேற்று மட்டும் எனது வகுப்பறை வாசலில் நூற்றுப் பதினேழு பழங்கள் விழுந்தன. இவற்றுள் உண்ணத்தக்கவை ஒன்பது." உண்ணத்தக்கவை என்ற சொல் என்னுடையது. அவர் 'நல்லது' என்று எழுதியிருந்தார்.

அவருடைய மனைவி அந்த வரியிலேயே நின்றார்.

"இந்த ஒன்பதையும் வீட்டை கொண்டு வந்தவர்" என்றார். "கணக்குக் கொப்பித் தாளிலை சுத்தி. நல்லதாப் பாத்துப் பொறுக்கினனான், கழுவிப்போட்டுத் தின் எண்டவர். எங்கயோ சந்தையில வாங்கினது எண்டு நினைச்சன்."

சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடிதங்களைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு இறங்கத் திரும்பினேன்.

"சேர், இஞ்ச வந்து எனக்கு மட்டும் சொன்னாச் சரியே?" என்றார். "அங்க மைக்கிலை சொன்னனீங்கள். அங்கயே போய் மைக்கிலை சொல்லுங்கோ."

சொன்னேன். முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில், அதே மண்டபத்தில். அட்டையில் மரம் போட்ட மலர் எல்லார் மடியிலும் இருந்தது. நான் சொன்னது பொய், அவர் அந்த மரத்தை வெட்டத்தான் கேட்டார் என்றேன். மூன்றாவது கடிதத்தை அவர் மனைவியிடம் இரவலாக வாங்கி வந்திருந்தேன், அதை முழுவதும் வாசித்தேன். பாகை, நூற்றுப் பதினேழு, ஒன்பது, எல்லாம். நன்றாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு சிஸ்டர் எழுந்து வந்து, என் தோளில் கை வைத்து, ஒலிவாங்கியை மெதுவாக வாங்கினார். அன்பானவரை இழந்தவர்கள் சில வேளை அந்த அன்பு இருந்ததையே மறுப்பார்கள், இதுவும் துயரத்தின் ஒரு படி என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினார். சேர் எவ்வளவு ஆழமாகக் காயப்பட்டிருக்கிறார் என்று இன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது என்றார். மண்டபம் திரும்பவும் அழுதது. பௌதிக ஆசிரியர் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் செயலாளராக இருந்த குழு, அடுத்த கூட்டத்தில், ஆறுதல் தேவைப்படுகிறவர்களின் பட்டியலில் என் பெயரை ஏற்றியது. கூட்டக் குறிப்பை எழுதியவனும் நானே, அதனால் என் பெயரை நானே எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவர் வெள்ளவத்தைக்கு வந்து, என் முன்னால் சோபாவில் இருந்து, நான் எப்படி உணர்கிறேன் என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்கள். ஒன்பது கிழமை வந்தார்கள். பத்தாம் கிழமை, நான் தேறிவிட்டதாக சிஸ்டர் கையெழுத்து வைத்தார்.

மரம் அந்த வருஷம் மாரியில் பட்டுப்போனது. வேர் அழுகல் என்று மாநகரசபை ஆட்கள் வந்து வெட்டி ஏற்றிப் போனார்கள். அதற்கும் ஒரு இரங்கல் உரை வேண்டும் என்று குழு கேட்டது. மாட்டேன் என்றேன். ஆறுதல் குழுவில் நான் மாட்டேன் என்று சொன்ன ஒரே தடவை அது, கடைசித் தடவையும் அதுதான். அந்த மாதத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அவருடைய மனைவிக்கு மரம் வெட்டுப்பட்டதைப் பியோன் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு அந்த அம்மா எனக்குப் போன் எடுத்தார். மண்டபத்தில் சொன்ன நாளுக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை. சேமக்காலைக்குப் போய் வந்ததாகச் சொன்னார். இப்போது ஞாயிறு தவறாமல் போகிறாராம். கடிதத்தையும் கொண்டுபோய், நூற்றுப் பதினேழையும் எண்ணிக்கொண்டு நின்ற நேரத்துக்கு ஒரு நாளாவது வெள்ளென வீட்டுக்கு வந்திருக்கலாமே என்று கல்லறையில் நின்று ஏசிவிட்டு வந்தாராம். குரலில் நல்ல தெம்பு இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிட்டீர்களா, தங்கச்சி என்றேன்.

போனில், அவருக்குப் பின்னால் யாரோ ஒரு மீன்காரன் கூவுவது கேட்டது.

"அவரைத் திருப்பித் தந்திட்டீங்கள். அதுக்கு நன்றி" என்றார். "மன்னிக்கிறது வேற. அது இன்னும் வரேல்லை. வந்தாச் சொல்லுறன்."

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. நத்தாருக்கு நத்தார் அவரிடமிருந்து ஒரு துண்டுக் கேக் வரும், மெழுகுத் தாளில் சுற்றி, பியோன் கையில். பியோனும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் ஏறி வருகிறார். முதல் வருஷம் கேக்கைக் கண்டதும் பியோனை உள்ளே கூப்பிட்டேன். ஏதாவது சொல்லி அனுப்பினாரா என்று கேட்டேன்.

பியோன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சொன்னாங்க சேர்" என்றார். "கேக் எல்லாருக்கும் அனுப்புறாங்களாம். நீங்க அத வேற மாதிரி எடுத்துக்க வேணாமாம்."